மரப்பு ஊசியும் நரம்பின் பத்திரமும்

சிசேரியன் ஆகிப் பத்து வருஷம் கழித்து இடுப்பு வலித்தாலும், பழி என்னவோ அன்றைக்கு முதுகில் போட்ட ஊசியின் மேல்தான். பிரசவத்தின்போது எபிடியூரல் என்னும் முதுகு ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நெடுநாள் இடுப்புவலியில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பயம் போனபாடில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. மரத்துப்போக வைக்கும் மருந்தே நரம்புச் செல்லைக் கெடுக்குமா? கெடுக்கும். ஊசி குத்தியதால் அல்ல, மருந்து அடர்த்தியாக ஒரே இடத்தில் தேங்கி நின்றால்.

மரப்பது எப்படி, கெடுவது எப்படி?

வலி என்னும் செய்தி நரம்பில் ஓடுவது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால். லிக்னோகைன், பியூபிவகைன் போன்ற மருந்துகள் அந்தச் சோடியம் வாசலை அடைத்துவிடுகின்றன. ரத்தம் மருந்தை மெல்ல அடித்துச் சென்றதும் வாசல் திறக்கும், உணர்ச்சி திரும்பும்.

நரம்பை மரக்க வைக்கத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகத்தான் மருந்து குப்பியில் இருக்கிறது. திசுவிலும் தண்டுவட நீரிலும் கலந்து நீர்த்துப் போவதால்தான் நமக்கு ஆபத்தில்லை. அப்படி நீர்க்காவிட்டால்? செல்லுக்குள் கால்சியம் ஏறும். சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், உறை நீக்கிய தவளைக் கால் நரம்பை 15 நிமிடம் 5% லிக்னோகைனில் ஊற வைத்தார்கள். பிறகு எவ்வளவு கழுவியும் அந்த நரம்பில் செய்தி ஓடவில்லை.

உறை நீக்கிய நரம்பு என்பது வெறும் பரிசோதனைக்கூடச் சங்கதி அல்ல. கை, கால் நரம்புகளுக்குக் கெட்டியான உறை உண்டு. தண்டுவட நீருக்குள் தொங்கும் நரம்பு வேர்களுக்கு அந்தக் கவசம் இல்லை.

1991இல் தெரியவந்தது

மயக்கவியல் துறையை உலுக்கிய சம்பவம் இது. தண்டுவட நீருக்குள் தலைமுடி போன்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, தேவைக்கேற்ப மருந்து கொடுக்கும் முறை அப்போது அமெரிக்காவில் பரவியிருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் குழாய் அவ்வளவு மெலிதாக இருந்ததால் மருந்து பீறிட்டுப் பாய்ந்து கலக்கவில்லை. சர்க்கரைக் கரைசல் சேர்த்துக் கனமாக்கிய மருந்து, கசிந்த இடத்திலேயே, முதுகின் அடிப்பகுதியில் தங்கியது. நோயாளிக்குப் பாதிதான் மரத்தது. 'போதவில்லை' என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள், பிறகு இன்னும் கொஞ்சம். எல்லாம் அதே குழியில் போய்ச் சேர்ந்தது.

1991இல் இப்படி நான்கு நோயாளிகளின் விவரம் மருத்துவ இதழில் வெளிவந்தது. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டையும் கால் வலுவையும் ஆளும் 'குதிரைவால்' நரம்புக் கொத்து அவர்களுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மெல்லிய குழாய்களைச் சந்தையிலிருந்து விலக்கியது. அடுத்த வருடமே இன்னொரு செய்தி வந்தது: ஒரே ஊசியாகப் போட்ட 5% லிக்னோகைனுக்குப் பிறகும் சிலருக்குப் பிட்டத்திலும் தொடையிலும் வலி வந்து, சில நாளில் தானாகவே தணிந்தது. முதுகு ஊசிக்கு லிக்னோகைனை ஒதுக்கி, 0.5% பியூபிவகைனை விரும்பும் வழக்கம் வலுத்தது இதற்குப் பிறகுதான். நம் ஊர் சிசேரியன்களிலும் பெரும்பாலும் அதுதான். அளவும் சுமார் 2 மில்லிலிட்டர்தான்.

இதைப் படித்துவிட்டு முதுகு ஊசியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளை ஒரு வருட காலம் கண்காணித்து, 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்து, மிகக் கடுமையாகக் கணக்கிட்டாலும், நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு நான்கு பேரைச் சுற்றித்தான் இருந்தது.

நரம்பைக் காக்கும் மருந்து உண்டா?

பரிசோதனைக்கூடத்தில் உண்டு. செல் அழிவைத் தூண்டும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள், லித்தியம், டெக்ஸாமெத்தசோன் என்று பலவற்றைச் செல்களிலும் எலிகளிலும் சோதித்து, சேதம் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்கும் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும் மனிதருக்கும் இடையே நெடுந்தூரம். நரம்பைக் காப்பதற்கென்றே நோயாளிக்குப் போடும் மருந்து என்று இன்றுவரை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. இதற்காக ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மெடிக்கல் ஷாப்பில் பி12 மாத்திரை வாங்கி விழுங்குவதிலும் பலனில்லை.

இன்று நரம்பைக் காப்பது எளிய ஒழுங்குகள்தான்: வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த அடர்த்தி, குறைந்த அளவு, முதல் ஊசி சரியாக வேலை செய்யாவிட்டால் அதே இடத்தில் அதே அளவை மறுபடி கொட்டாமல் நிதானிப்பது, கை கால் நரம்புக்குப் போடும்போது அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே போடுவது. புதுமையாக ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். 1991இல் வெளிவந்த அந்தச் சம்பவங்களில் தவறியதும் இவற்றில் முதல் மூன்றுதான்.

குப்பிக் கணக்கு

இதுவரை பார்த்தது நரம்பருகே தேங்கும் மருந்தின் கதை. அதே மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்தால் தாக்கப்படுவது மூளையும் இதயமும். முதலில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, வாயில் உலோக ருசி, காதில் இரைச்சல். பிறகு வலிப்பு வரலாம். லிக்னோகைனுக்கு வழக்கமான உச்ச அளவு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம், அட்ரினலின் கலந்திருந்தால் 7. 60 கிலோ ஆளுக்கு 270 மில்லிகிராம், அதாவது 2% மருந்தில் 13.5 மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர் குப்பி முழுவதிலும் இருப்பது 600 மில்லிகிராம்! முடி நடவு போல நிறைய இடத்தில் மரக்க வைக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள், அங்கே மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, நச்சை முறிக்கும் 20% கொழுப்புக் கரைசல் கைவசம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் சொல்ல வேண்டியவை

ஏற்கெனவே நலிந்த நரம்பு சீக்கிரம் அடிபடும். சர்க்கரை நோயால் பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருந்தால், வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் எடுத்திருந்தால், டிஸ்க் விலகல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைக்கவே கூடாது. 'டாக்டர் கேட்கவில்லையே' என்று இருந்துவிட வேண்டாம்.

ஊசி போடும்போது காலிலோ கையிலோ 'சுரீர்' என்று ஷாக் அடித்தாற்போல் இருந்தால், உடம்பை அசைக்காமல், வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசி முனை நரம்பைத் தொடுகிறது என்பதற்கு அது அடையாளம். டாக்டர் உடனே நிறுத்தி இடம் மாற்றுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் பெருமை ஏதுமில்லை.

முதுகு ஊசியின் மரப்பு வழக்கமாகச் சில மணி நேரத்தில் விலகும். டாக்டர் சொன்ன நேரம் கடந்தும் கால் தூக்க முடியவில்லை, விலகிய மரப்பு மறுபடி ஏறுகிறது, சிறுநீர் பிரியவில்லை, சைக்கிள் சீட்டில் படும் பகுதியில் உணர்ச்சி வரவில்லை, முதுகில் கடும் வலி என்றால் நள்ளிரவானாலும் நர்ஸை எழுப்புங்கள். தண்டுவடத்தை ரத்தக்கட்டு அழுத்துவதாலும் இப்படி ஆகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அறிகுறி தொடங்கிய 8 மணி நேரத்துக்குள் அதை அகற்றினால் கால் வலு திரும்பும் வாய்ப்பு அதிகம். 'காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று படுத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.