உங்களுக்குத் தெரியுமா? கனவில் ஓங்கிய கை

கனவு மிகுந்த ரெம் உறக்கத்தில் கண் தசைகளும் மூச்சுத் தசையும் தவிர, உடம்பின் பெரும்பாலான தசைகள் அசைவற்றுக் கிடக்கும். அந்தக் கட்டு தளர்ந்தால், கனவில் வரும் திருடனுக்கு ஓங்கிய அடி பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். இந்த 'ரெம் உறக்க நடத்தைக் கோளாறை' 1986-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் தனி நோயாக விவரித்தனர். இது ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே அதிகம்.

பலருக்குத் தாம் உதைத்ததே தெரியாது. அதனால் பக்கத்தில் படுப்பவரின் சாட்சியம்தான் முதல் ஆதாரம். பின்னிரவில் வருகிறதா, எழுப்பினால் உடனே தெளிந்து கனவைச் சொல்கிறாரா என்பவை முக்கியக் கேள்விகள். தூக்கத்தில் நடப்பவரோ பெரும்பாலும் முன்னிரவில் எழுவார், எழுப்பினால் குழம்புவார். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் இக்கோளாறைத் தூண்டும்.

வாய்மொழி மட்டும் போதாது. உறுதிசெய்ய, வீடியோ பதிவுடன் ஓர் இரவு பாலிசோம்னோகிராபி என்னும் உறக்கப் பரிசோதனை வேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்கான உறக்க ஆய்வகம் உண்டு. மோவாயிலும் கைகளிலும் ஒட்டிய மின்முனைகள், ரெம் நேரத்தில் தசை விறைப்பதைக் காட்டிக்கொடுக்கும். கடுமையான உறக்க மூச்சுத்தடையும் இரவு வலிப்பும் இதே வேடத்தில் வரக்கூடும். பதிவு அவற்றையும் பிரித்துக் காட்டும்.

24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதன் கணக்குப்படி, வேறு காரணமின்றி இக்கோளாறு வந்தவர்களில் 73.5 சதவீதத்தினருக்கு 12 ஆண்டுகளில் பார்கின்சன், மறதிநோய் போன்றவை வரக்கூடும். அதனால்தான் அவற்றின் தொடக்க அறிகுறிகளைத் தேடி மோப்பம், மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போதைய ரத்த அழுத்தம், நடை, நினைவாற்றல் ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன.