பாடசாலையில் கிடக்கும் பழைய கணினிகளும் தமிழில் இல்லாத ஒரு கையேடும்

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த விண்டோஸ் 11க்கு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய முறைவழியாக்கியும் வேண்டும். மொனராகலை, புத்தல, பிபிலை பக்கம் எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இருக்கும் கணினிகளில் பல அந்தத் தகுதியை எட்டாது. அவற்றைக் கழிக்கவும் முடியாது, புதிதாக வாங்கவும் வழியில்லை.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடையில் கணினியைத் திருத்தக் கொடுத்தால் அனுமதிப்பத்திரம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருவார்கள், நாமும் கேள்வி கேட்காமல் வாங்கி வருவோம். பாடசாலைகளிலும் அதுதான் நடக்கிறது, சில மத்ரஸாக்களிலும் அதுதான். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஆவினால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது. ஹலால் முத்திரை பார்த்து பிஸ்கட் வாங்கும் நாம் இந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமை. பிரதி எடுப்பதும், பகிர்வதும், மாற்றுவதும் அதன் உரிமத்திலேயே அனுமதிக்கப்பட்டவை. லினக்ஸ் மின்ட் 2 ஜீ.பீ. நினைவகத்திலேயே இயங்கும். 4 ஜீ.பீ. இருந்தால் தாராளம். அப்படியானால் ஏன் எவரும் போடுவதில்லை? என் அனுபவத்தில் காரணம் மென்பொருளில் இல்லை. அதைப் படிப்படியாகச் சொல்லித்தரும் தமிழ்க் கையேடு நம் கையில் இல்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஓர் ஆங்கில வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கணினியில் நிறுவத் தொடங்கினேன். வன்தட்டை அழித்து நிறுவவா என்று ஒரு திரை கேட்டது. வழிகாட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தேன், அதேபோல் அழுத்தினேன். அடுத்த பக்கத்தில்தான் "முன்னதாக உங்கள் கோப்புகளைப் பிரதி எடுத்திருக்க வேண்டும்" என்று இருந்தது. ஒரு தவணையின் புள்ளிப் பட்டியல் முழுவதும் போய்விட்டது. மூன்று நாள் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்து மீண்டும் பதிந்தேன். எழுதியவர் பொய் சொல்லவில்லை. எச்சரிக்கையைச் செயலுக்குப் பிறகு வைத்துவிட்டார். தெரிந்தவருக்கு அது பெரிய தவறாகத் தோன்றாது.

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழகத்தில் 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றி எளிய நடையில் எழுதி வருகிறது. து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவச மின்னூலாகவே கிடைக்கிறது. கேரளத்தின் அரச பாடசாலைகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. நம் நாட்டிலும் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்று சிங்கள மொழி ஆதரவோடு உருவாக்கப்பட்டது. அயலவர்கள் செய்ததைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் தமிழக நூலை அப்படியே எங்கள் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. எங்கள் பாடநூல் 'பணிசெயல் முறைமை' என்கிறது, அங்கே 'இயங்குதளம்'. எங்களுக்குச் 'சாவிப்பலகை', அவர்களுக்கு 'விசைப்பலகை'. நாம் 'மேலோடி' என்பதை அவர்கள் 'உலாவி' என்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? கையேடு நம் பாடநூல் சொல்லையே பயன்படுத்தி, முதல் தடவை வரும்போது மட்டும் மற்றச் சொல்லையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

அடுத்தது பாமினி. நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வருடக்கணக்கில் சேர்ந்த வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஆசிரியர் பயந்துபோய், லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று அன்றே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார். கோப்பு கெடவில்லை. எழுத்துருவை நிறுவினால் பழையபடி தெரியும், யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும். இனித் தமிழில் தட்டச்சுச் செய்ய ஐபஸ் என்ற மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் ரெங்கநாதன் அமைப்பு, தமிழ்99, ஒலியியல் மூன்றும் கிடைக்கும். வேறு நாட்டார் எழுதிய எந்த வழிகாட்டியிலும் பாமினிக்கு ஒரு பக்கம் இருக்காது. நமக்கு அதுதான் முதல் பக்கமாக இருக்க வேண்டும்.

எழுதும் முறையைப் பற்றி, ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் ஒரு வேலை. திரையில் ஆங்கிலத்தில் வரும் சொல்லை அப்படியே காட்டிவிட்டுப் பொருளைத் தமிழில் சொல்வது. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தலைப்பிலேயே குறிப்பது. கணினியைத் தொடங்கும்போது அழுத்தும் சாவி சிலவற்றில் எஃப்12, சிலவற்றில் எஃப்2 அல்லது எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி மாறும் என்பதை முன்கூட்டியே சொல்வது. எழுதி முடித்ததும் கணினி தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

என் முதல் நான்கு பக்கங்களை எங்கள் மௌலவி ஆசிரியரிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டார். "பென்டிரைவில் எழுதுங்கள் என்று போட்டிருக்கிறீர்களே சேர், எதை எழுதுவது?" என்று கேட்டார். பதிவிறக்கிய கோப்பைச் சாதாரணமாகப் பிரதி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது, அதற்கென உள்ள மென்பொருளால்தான் ஏற்ற வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போனதால் விட்டுவிட்டேன். அந்த ஒரு கேள்விக்காக முழுப்பக்கம் ஒன்று சேர்த்தேன்.

பயன்தரும் கல்வியை ஸதகா ஜாரியாவோடு சேர்த்துப் பேசுகிறோம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கும் நம் இளைஞர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது கணினி ஒன்றை அன்பளிப்புச் செய்வது நல்லதுதான். அதோடு, இப்படி எழுதிய பக்கங்களைப் படித்துப் பிழை திருத்தித் தரவும் ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். பாமினி, பென்டிரைவ், அச்சுப்பொறி ஆகிய மூன்று பக்கங்கள் இப்போது தயாராக இருக்கின்றன. அச்சுப்பொறிப் பக்கத்தில் இன்னும் ஓர் இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.