பின்னால் வரும் பாரம்

கரும்பு வெட்டும் காலம் வந்துவிட்டால் விழுப்புரம் வட்டாரச் சாலைகளில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தையார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே கற்கும் இயற்பியல் அவர் தொழிலுக்கு என்ன சொல்கிறது என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது என்பது பாதி உண்மையே. பிரேக்கை மிதித்த நொடியில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளத் தொடங்குகிறது! இயங்கும் பொருள், புறவிசை தடுக்கும்வரை இயங்கிக்கொண்டே இருக்கும் என்று 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியே இதற்குக் காரணம்.

ஒரு கணக்குப் போடுவோம். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் கரும்பும் 6 டன் என்க. நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் கிடையாது. எனவே 2 டன்னை நிறுத்தும் பிரேக்கே 8 டன்னையும் நிறுத்தியாக வேண்டும். தடுக்கும் விசை மாறாதாயின் நிற்கும் தூரம் 4 மடங்காகும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் 4 மடங்காவதால், தூரம் மேலும் 4 மடங்காகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் 4 மீட்டரில் நின்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் பாரத்தோடு வரும்போது 64 மீட்டர் வேண்டும்!

ஆகவே, இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிருக்கே உலை வைக்கும்.

வயலில் சட்டென்று திரும்புவதற்காக, டிராக்டரின் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபுறம் திரும்பும். பாரமோ நேராகத் தள்ளும். இரண்டும் மடக்குக் கத்திபோல் மடங்கிக் கவிழலாம்.

இரு சக்கர டிரெய்லரில் பாரம் முழுவதும் பின்புறம் குவிந்தால், அது கொக்கியை மேலே தூக்கும்; டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும். அளவுக்கு மீறி முன்புறம் குவிந்தாலோ, மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்கள் எழும்பி, ஸ்டியரிங் பயனற்றுப் போகும். அளவறிந்து அடுக்குவதே அறிவுடைமை. இரவில் செல்லும் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பறக்கும் மாணவ நண்பர்களே! டிராக்டரை முந்தியவுடன் அதன் முன்னே குறுக்கே வெட்டித் திரும்பாதீர்கள். ஓட்டுபவர் எவ்வளவு நல்லவராயினும், பின்னால் வரும் பாரம் அவர் சொல்லை உடனே கேட்காது. இடைவெளி விடுவோம், இரு வீட்டாரின் விளக்கும் அணையாமல் காப்போம்!