வாடகை ஃபிளாட்டில் ஆப்ஸ்டக்கிள் ரேஸ் பயிற்சி: செலவில்லாமல் எதைச் செய்யலாம், எதில் தொங்கவே கூடாது?

ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலை. இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரோ 'டெவில்ஸ் சர்க்யூட்' லிங்க்கைப் போட, டீமோடு சேர்ந்து நீங்களும் பெயர் கொடுத்துவிட்டீர்கள். 2012-ல் தொடங்கிய இந்த ஓட்டம் புனே உட்படப் பல இந்திய நகரங்களில் நடந்துவருகிறது. தூரம் 5 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் 15 தடைகள்: ஏற வேண்டிய சுவர், தொங்கிக் கடக்கும் கம்பிகள், தவழ வேண்டிய சேறு, ஐஸ் தண்ணீர்.

ஓடிப் பழக புனேவில் இடம் இருக்கிறது. தொங்கவும் தூக்கவும் எங்கே பழகுறது? ஜிம்மில் டிரெட்மில் கிடைக்கும். கயிறும் சுவரும் கிடைப்பது அபூர்வம். வீட்டில் நாமே செய்துகொள்ளலாம், அதிகச் செலவும் ஆகாது. எதை வீட்டில் செய்வது, எதை வெளியே விடுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இது வெறும் ஃபேஷனா?

புனேவுக்கு இது புதிது அல்ல. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில், அவருடைய உடற்பயிற்சி ஆசான் பாலம்பட்ட தாதா தேவ்தர் மல்லகம்பத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார் என்கிறது மராட்டிய வரலாறு. நம் விழுப்புரத்தில் மல்லர் கம்பம் என்று பழகுவதும் அதே கலைதான். ஒரே ஒரு மரக்கம்பம், அல்லது ஒரு கயிறு. அதை வைத்தே பிடி, தோள், இடுப்பு எல்லாம் பலமாகிவிடும்.

உலக அளவிலும் இதற்கு மவுசு கூடியிருக்கிறது. ஒலிம்பிக் மாடர்ன் பென்டத்லானில் குதிரையேற்றம் 2024 பாரிஸோடு முடிந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அந்த இடத்துக்கு வருவது தடைக்களப் போட்டி. அந்த விளையாட்டு 2028-லும் நீடிக்கும் என்பது உறுதியானது 2023 அக்டோபரில், மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்.

15 தடைகளையும் வீட்டில் கட்ட வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான தடைகள் உடம்பிடம் கேட்பது நான்கு வேலைகளைத்தான்: பிடித்துத் தொங்குவது, சுமப்பது, தவழ்வது, சமநிலையோடு தாண்டுவது. அந்த நான்குக்கும் தனித்தனியாகப் பழகினால் போதும்.

சுமக்க: 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்திருந்தால் 20 கிலோ, கேனின் எடை தனி. மார்போடு அணைத்துப் படியேறுங்கள். மணல் மூட்டை வேண்டுமா? காய்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ, 12 லிட்டர் போட்டால் 20 கிலோவை நெருங்கிவிடும். மணலை நேராகச் சாக்கில் கொட்டாதீர்கள். சின்னச் சின்ன பாலிதீன் பைகளில் இரட்டையாகக் கட்டி, டேப் ஒட்டி, பிறகு அரிசிச் சாக்கில் போடுங்கள். முக்கால் பங்கு நிரப்பினால் போதும். மூட்டை நழுவ நழுவத்தான் பிடி பலமாகும்.

தவழ: இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு நூல். இரண்டு மீட்டர் இடம் போதும். முதுகு நூலில் படாமல் போய், திரும்பாமல் பின்னோக்கியே வாருங்கள்.

தாண்ட: பிவிசி பைப்பும் முழங்கை இணைப்புகளும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பசை போடாமல் சொருகி, 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டம் செய்யுங்கள். கால் பட்டால் அது கழன்று விழணும், அதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சமநிலைக்கு ஆறடி மரச்சட்டம் ஒன்று, தரையிலேயே கிடக்கட்டும். பவானி பேட்டை மரக்கடைகளில் துண்டாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே தொங்குறது?

ஆபத்து இருப்பது இங்கேதான். உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் தொங்கினால் கம்பி தாங்குவது 70 கிலோ. ஒரு பக்கம் 60 டிகிரி வரை ஊசலாடினால், கீழே வரும் நொடியில் விழும் இழுவை 140 கிலோ, அதாவது இரண்டு மடங்கு. மங்கி பாரில் ஒவ்வொரு கை மாற்றத்திலும் இந்த ஊசல் இருக்கிறது. "நேத்து தாங்குச்சே" என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

அதனால் மின்விசிறிக் கொக்கி, ஃபால்ஸ் சீலிங், பால்கனி கிரில், துணிக்கொடிக் கம்பி, பிவிசி பைப் ஆகிய எதிலும் தொங்காதீர்கள். கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் மாட்டும் பார் வாங்குமுன் விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபிளாட்களில் சட்டமும் சுவரும் ஒரே மட்டத்தில் இருக்கும், மாட்ட இடமே இருக்காது. முறுக்கி இறுக்கும் வகை பார் உராய்வில் மட்டுமே நிற்கிறது. அதில் முழங்காலை மடக்கி அசையாமல் தொங்கலாம், ஆடக் கூடாது. நீட்டினால் கால் தரையில் படும் உயரத்தில் மாட்டுங்கள். சுவரில் துளை போடுவதென்றால் வீட்டு ஓனரிடம் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் டெபாசிட்டில் கை வைப்பார்.

துளையே போடாமல் ஒரு வழி உண்டு. கெட்டியான துண்டின் ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, கதவின் மேல் அந்தப் பக்கம் தள்ளி, கதவைப் பூட்டுங்கள். மறுமுனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உடம்பை இழுங்கள். கதவு உங்கள் பக்கமாகத் திறப்பதாக இருக்கக் கூடாது. நீங்கள் இழுக்க இழுக்கச் சட்டத்தோடு இன்னும் இறுகும் கதவாக இருக்க வேண்டும். பிளைவுட் கதவு, ஆடும் கீல் என்றால் வேண்டாம்.

ஊசலாடுவதும் சுவர் ஏறுவதும் வெளியே. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் ஓபன் ஜிம் கம்பிகள் இருக்கின்றன. நூற்றுச் சொச்சம் படிகள் கொண்ட பர்வதி குன்று, ஓட்டத்துக்கும் சுமைக்கும் சேர்த்தே பயிற்சி தரும்.

மொட்டை மாடி கிடைத்தால்?

அது பொது இடம். சொசைட்டி கமிட்டியிடம் முதலில் கேளுங்கள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் எதையும் தாண்டாதீர்கள். பழைய டயர் கொண்டுபோனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கவனம் தேவை. அதில் தேங்கும் மழைநீர் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. துளைகள் போட்டு நீரை வடியவிடுங்கள், அல்லது மழைக்காலம் முடியும்வரை டயரே வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

வாரம் மூன்று நாள், 20 நிமிடம் போதும். இரண்டு மாடி ஏறி இறங்குங்கள், வந்த வேகத்தில் 10 நொடி தொங்குங்கள், நான்கு முறை தவழுங்கள், மூட்டையோடு ஒரு மாடி ஏறுங்கள். இதை ஐந்து சுற்று செய்யுங்கள். மூச்சு வாங்கும்போது தொங்குவதுதான் முக்கியம், ஏனென்றால் களத்தில் கம்பி வருவது ஓடிக் களைத்த பிறகுதான். வாரத்துக்கு ஐந்து நொடி கூட்டுங்கள். தோளிலோ முழங்கையிலோ குத்தும் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

இரவு பத்து மணிக்குமேல் தாண்டும் பயிற்சி மட்டும் வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தால், அது 16-வது தடை.