கேமரன் மலையில் சூழல் சுற்றுலா: மூன்று கேள்விகள்

மாணவர்களே, சூழல் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம்தான். பச்சைப் பசேல்னு இருக்கு, குளுகுளுன்னு இருக்கு. அப்புறம் என்ன, அது சூழல் சுற்றுலாதானே என்று முடித்துவிடுகிறோம். பசுமையான இடத்துக்குப் போய்வந்தால் மட்டும் அது சூழல் சுற்றுலா ஆகிவிடாது.

அனைத்துலகச் சூழல் சுற்றுலாச் சங்கம் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. 2015இல் அதை விரிவாக்கியது. அதன் சாரத்தை மூன்று கேள்விகளாக மனத்தில் பதிய வையுங்கள்.

1. இயற்கை காக்கப்படுகிறதா?

தேயிலைத் தோட்டம் அழகுதான். ஆனால் அது காடு அன்று. 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம், காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில்தான் உருவானது. அதில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது. உண்மையான காட்டைப் பார்க்க இன்னும் மேலே ஏற வேண்டும். பிரிஞ்சாங் மலையில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் பாசிக்காடு இருக்கிறது. தவழ்ந்து போகும் மேகத்தின் ஈரத்தைப் பாசி பஞ்சு மாதிரி உறிஞ்சி, ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுகிறது. கண்டபடி மிதித்தால் அந்தப் பாசி சிதைந்துவிடும். அதனால்தான் அங்கே மரநடைபாதை அமைத்திருக்கிறார்கள்.

காடு போனால் என்ன ஆகும்? விவசாயத்துக்கும் கட்டுமானத்துக்கும் சரிவுகளைத் திருத்தியதால் மண் அரித்து ஆற்றில் இறங்கியது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேறு படிந்து கொள்ளளவு குறைந்தது. 2013 அக்டோபர் 23 அன்று, கனமழையில் நீர்மட்டம் உயர்ந்து அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மேலே வெட்டிய மரத்துக்குக் கீழே இருப்பவர் விலை கொடுத்தார்.

2. உள்ளூர் மக்கள் பயன் பெறுகிறார்களா?

விடுமுறையில் மலைப்பாதை முழுக்க வாகனம். ஆனால் தங்கும் விடுதியும் பேருந்தும் வெளியூர்க்காரருடையது என்றால், பணம் மலையேறி வந்து அப்படியே கீழே இறங்கிவிடும். குப்பையும் நெரிசலும்தான் ஊருக்கு மிச்சம்.

மாற்று வழி தொலைவில் இல்லை. இதே தித்திவங்சா மலைத்தொடரின் பேராக் பக்கம், கோப்பெங் அருகே உலு கெரோ என்னும் செமாய் பூர்வகுடிக் கிராமம் உள்ளது. முன்பு அங்குள்ளவர்கள் ரப்லீசியா மொட்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் எடுத்து விற்றார்கள். பின்னர், மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு அவர்களே வழிகாட்டிகளானார்கள். பறித்த மொட்டுக்கு ஒரே ஒரு முறைதான் காசு. விட்டுவைத்த மொட்டு மலர்ந்தால், அதைப் பார்க்க வருபவர்களால் பல குடும்பங்களுக்கு வருமானம். காட்டைக் காப்பதே பிழைப்பாகிவிட்டது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். கொழுந்து பறித்த பாட்டியின் வாழ்க்கையைப் பேரன் சொன்னால், அதற்கு ஈடான வழிகாட்டி உண்டா?

3. வந்தவர் கற்றுக்கொள்கிறாரா?

தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது வெறும் உல்லாசப் பயணம். அந்தத் தேயிலைக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அதைப் பறிப்பவர் யார் என்று அறிந்து திரும்பினால்தான் சூழல் சுற்றுலா.

தேர்வு எழுதுவோருக்கு

கருத்து விளக்கக் கட்டுரையில் இந்த மூன்று கேள்விகளையும் மூன்று கருத்துகளாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரையும் ஒரு நிகழ்வையும் சான்றாகக் காட்டுங்கள். மலேசியாவின் தேசியச் சூழல் சுற்றுலாத் திட்டம் 2016–2025 பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்ற பழமொழி முடிவுரைக்குப் பொருந்தும்.

ஆசிரியர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குக் கேமரன் மலை போனால், இந்தக் கேள்விகளை மாணவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். விடையை அவர்களே தேடி எழுதட்டும்.