பைக் இன்ஜினுக்கும் ஒரு ‘பிளட் டெஸ்ட்’... பழைய ஆயிலில் என்னவெல்லாம் தெரியும்?

சர்வீஸுக்கு பைக்கை விட்டதும் மெக்கானிக் அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவுவார். இரண்டு விரலுக்கு நடுவில் ஆயிலைத் தேய்த்துப் பார்ப்பார். “கறுத்துப் போச்சு தம்பி, மாத்திடலாம்” என்பார். நாமும் தலையாட்டிவிட்டு பக்கத்து டீக்கடைக்குப் போய்விடுவோம். பழைய ஆயில் ஏதோ ஒரு கேனுக்குள் போய்ச் சேரும்.

உண்மையில், ஆயில் கறுப்பாவது பெரிய விஷயமே இல்லை. புகைக்கரியையும் அழுக்கையும் இன்ஜினில் படிய விடாமல் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. கறுக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

விரலுக்குத் தெரியாத விஷயம் வேறு. பிஸ்டன், சிலிண்டர், கியர் என உள்ளே உரசும் ஒவ்வொரு பாகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அந்த ஆயிலில்தான் கலக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை லேபில் அளந்துவிடலாம். இதற்குப் பெயர் ‘யூஸ்டு ஆயில் அனாலிசிஸ்’.

“போர் போயிடுச்சு தம்பி, இன்ஜினைப் பிரிச்சாகணும்” என்ற வார்த்தையைக் கேட்பதற்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் முன்பே ஒரு எச்சரிக்கை கிடைத்தால்? டெலிவரி வேலைக்கோ, தினமும் 60 கிலோமீட்டர் ஆபீஸ் பயணத்துக்கோ பைக்கை நம்பியிருப்பவர்களுக்கு இது நேராகப் பர்ஸைத் தொடும் கேள்வி. எனவே, இந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, யாருக்குத் தேவை என்று பார்த்துவிடலாம்.

ரயிலில் தொடங்கிய டெஸ்ட்

இது புது டெக்னாலஜி இல்லை. 1946-ல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலில் இருக்கும் உலோகத்தை அளந்து, கோளாறுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆரம்பித்தது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை, விமான இன்ஜின்களுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. நம்ம ஊர் ரயில்வே டீசல் ஷெட்களிலும் ஆயிலைப் பரிசோதிக்கத் தனி லேப் உண்டு. லாரி, ஜெனரேட்டர், காற்றாலை கியர்பாக்ஸ் என்று பரவிய பழக்கம், இப்போது பைக் பிரியர்கள் வரை வந்திருக்கிறது.

லேபில் என்ன நடக்கும்?

தீபாவளி மத்தாப்பில் பச்சை நிறம் பேரியத்தால் வருகிறது, சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருகிறது. ஒவ்வொரு தனிமமும் கடும் சூட்டில் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிரும். ஆயில் டெஸ்ட்டின் அடிப்படையும் இதேதான். சாம்பிளைக் கரைப்பானில் கலந்து, பல ஆயிரம் டிகிரி சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிப்பார்கள். வரும் ஒளியைக் கருவி பிரித்துப் பார்த்து, இரும்பு இவ்வளவு, அலுமினியம் இவ்வளவு என்று சொல்லிவிடும்.

ரிப்போர்ட்டில் அளவு ‘பி.பி.எம்’ என்று இருக்கும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அதாவது ஒரு கிலோ ஆயிலில் எத்தனை மில்லிகிராம். ஒரு லிட்டர் ஆயில் தோராயமாக 870 கிராம் எடை இருக்கும். அதில் இரும்பு 50 பி.பி.எம் என்றால், மொத்தமே சுமார் 43 மில்லிகிராம். இரண்டு மூன்று அரிசிமணி எடைதான்! இவ்வளவு சின்னத் தேய்மானத்தைக்கூடப் பிடித்துவிடுவதுதான் இந்த டெஸ்ட்டின் பலம்.

எந்த உலோகம், எந்தப் பாகம்?

* இரும்பு: சிலிண்டர் லைனர், கேம், கிராங்க், கியர், கிளட்ச்சின் ஸ்டீல் தகடுகள். பெரும்பாலான ரிப்போர்ட்களில் தேய்மான உலோகங்களில் இதுதான் அதிகமாக இருக்கும்.
* அலுமினியம்: பிஸ்டன், கிளட்ச் பாஸ்கெட், இன்ஜின் கேஸ்.
* குரோமியம்: பெரும்பாலும் பிஸ்டன் ரிங்.
* தாமிரம்: புஷ், பேரிங், சில பைக்குகளில் ஆயில் கூலர்.
* நிக்கல்: சில பர்ஃபாமன்ஸ் பைக்குகளில் சிலிண்டர் சுவரில் நிக்கல் பூச்சு இருக்கும். அங்கே தேய்மானம் இரும்பாக அல்லாமல் நிக்கலாகத் தெரியலாம்.
* சோடியம், பொட்டாசியம்: லிக்விட் கூல்டு பைக்கில் இவை திடீரென்று ஏறினால், கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.
* சிலிக்கான்: இது இன்ஜின் உலோகம் இல்லை. பெரும்பாலும் ரோட்டுத் தூசு!

துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் எல்லாம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை ஆயில் கம்பெனியே சேர்த்தவை. தேய்மானத்தைத் தடுக்கவும், அமிலத்தை முறிக்கவும் இருப்பவை.

வில்லன் தூசுதான்

இந்தப் பட்டியலில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது சிலிக்கான். ரோட்டுத் தூசின் பெரும்பகுதி சிலிக்கா. அதாவது, பொடி மணல். இது இரும்பையும் அலுமினியத்தையும்விடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கில் மணல்பொடி புகுந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்க்கலாம். ஒரு 150 சிசி பைக். ஒவ்வொரு முறையும் 3,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில்.

முதல் ரிப்போர்ட்: இரும்பு 24, அலுமினியம் 6, சிலிக்கான் 8.
இரண்டாவது: இரும்பு 27, அலுமினியம் 7, சிலிக்கான் 9.
மூன்றாவது: இரும்பு 61, அலுமினியம் 18, சிலிக்கான் 34.

மூன்றாவது ரிப்போர்ட் வரும் நாளில் பைக் சூப்பராகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். புகை இல்லை, சத்தம் இல்லை, மைலேஜும் குறையவில்லை. ஆனால், சிலிக்கான் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. அதோடு சேர்ந்து இரும்பும் அலுமினியமும் ஏறியிருக்கின்றன. தூசு உள்ளே போகிறது. சிலிண்டரும் பிஸ்டனும் தேய்கின்றன.

இங்கே இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கிழிந்திருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஏர்பாக்ஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா? கிளாம்ப் லூஸா? பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதைச் சரிசெய்து, அடுத்த ரிப்போர்ட்டில் எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பினால் இன்ஜின் தப்பித்தது. கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்து வருவது போரிங் வேலையும் புது பிஸ்டனும்தான்.

இதே லாஜிக்கைத் திருப்பியும் போடலாம். சிலிக்கான் அப்படியே இருக்க, இரும்பு மட்டும் ஏறுகிறதா? தூசு காரணமில்லை. கேம், கியர் பக்கம் பார்க்க வேண்டும். சிலிக்கான் மட்டும் ஏறி மற்றவை அமைதியாக இருக்கின்றனவா? சமீபத்தில் இன்ஜினைத் திறந்து சீலன்ட் பசை போட்டிருந்தால், அதிலிருந்தும் வரலாம்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பாதீங்க!

மேலே உள்ள கணக்கில் ‘61’ மட்டும் தனியாகக் கையில் கிடைத்திருந்தால், அது நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. 24, 27-க்குப் பிறகு வந்ததால்தான் அது அலாரம். உங்கள் பைக்குக்கு எது நார்மல் என்று உங்கள் பைக்கின் பழைய ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பிடும்போது கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். 3,000 கிலோமீட்டருக்கு 30 பி.பி.எம், 6,000 கிலோமீட்டருக்கு 60 பி.பி.எம். இரண்டும் ஒரே வேகம்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு 10. நடுவில் ஆயில் டாப்-அப் செய்திருந்தால், புது ஆயில் கலந்து எண்கள் குறைவாகக் காட்டும். ஒரு லிட்டர் மட்டுமே பிடிக்கும் இன்ஜினில், 200 மில்லி டாப்-அப்கூடப் பெரிய வித்தியாசம்.

புது பைக்கின் முதல் ஆயிலில் உலோகம் எகிறித்தான் இருக்கும். பாகங்கள் ஒன்றோடொன்று பழகி உட்காரும் காலம் அது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஷோரூமில் சண்டை போட வேண்டாம்.

கார் வேற, பைக் வேற

காரில் இன்ஜின் ஆயில் தனி, கியர்பாக்ஸ் ஆயில் தனி. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதனால் ரிப்போர்ட்டில் வரும் இரும்பு, சிலிண்டரிலிருந்தா கியரிலிருந்தா என்று ஒரே பார்வையில் சொல்ல முடியாது. குரோமியமும் கூடவே ஏறுகிறதா என்று துணைச் சாட்சி தேட வேண்டும். ஸ்கூட்டர்களில் கியர் ஆயில் தனி என்பதால், அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

இன்னொரு விஷயம், கியர் பற்கள் ஆயிலை அரைத்து அதன் கெட்டித்தன்மையைக் குறைக்கும். 10டபிள்யூ-40 ஆயில் என்றால், 100 டிகிரி சூட்டில் அதன் விஸ்காசிட்டி 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அது 12.5-க்குக் கீழே போயிருந்தால், 40 கிரேடு ஆயில் 30 கிரேடாக மாறிவிட்டது என்று அர்த்தம். “கியர் முன்ன மாதிரி ஸ்மூத்தா விழ மாட்டேங்குது” என்று தோன்றுவதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். ஆயிலில் பெட்ரோல் கலந்தாலும் விஸ்காசிட்டி இறங்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் லெவல் தானாக ஏறியிருந்தாலோ லேபுக்குக் காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாதது

இந்தக் கருவிகள் மிக நுண்ணிய துகள்களை மட்டுமே சரியாக அளக்கும். சுமார் 5 முதல் 10 மைக்ரானைத் தாண்டிய துண்டுகள் அதன் கண்ணில் படாது. பேரிங் திடீரென உடைந்து பொரிப்பொரியாக உதிர்ந்தால், ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றுகூட வரலாம். மெதுவான தேய்மானத்துக்குத்தான் இந்த டெஸ்ட்; திடீர் உடைசலுக்கு இல்லை.

அதற்குக் காசில்லாத டெஸ்ட் ஒன்று உண்டு. ஆயில் டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் சகஜம். ஊசி போலவோ, செதில் போலவோ துண்டுகள் இருந்தால் ஆபத்து. அலுமினியமும் தாமிரமும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளில் மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பல 100 சிசி பைக்குகளில் பேப்பர் ஃபில்டரே கிடையாது. அங்கே ஆயில் வலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை வெள்ளத்தில் மூழ்கிய பைக்கின் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் எந்த டெஸ்ட்டும் வேண்டாம். தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுவதுதான் முதல் வேலை.

சாம்பிள் எடுப்பது எப்படி?

1. பைக்கைக் கொஞ்ச தூரம் ஓட்டி, இன்ஜினைச் சூடாக்குங்கள். அப்போதுதான் துகள்கள் ஆயிலில் சமமாகக் கலந்திருக்கும்.
2. டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் வரும் முதல் ஆயிலை விட்டுவிடுங்கள். நடுவில் வருவதைச் சுத்தமான, ஈரமில்லாத பாட்டிலில் பிடியுங்கள். 100 மில்லி பொதுவாகப் போதும். சூடு, கவனம்!
3. கீழே வைத்திருக்கும் டிரேயிலிருந்து எடுக்காதீர்கள். போன வண்டியின் ஆயிலும் அதில் இருக்கும்.
4. பைக் மாடல், மொத்தக் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், ஆயில் பிராண்டு, கிரேடு, டாப்-அப் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.
5. முடிந்தால் அதே பிராண்டு புது ஆயிலையும் ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். ஒப்பிட அதுதான் அடிப்படை.
6. ஒவ்வொரு முறையும் ஒரே லேபுக்கு அனுப்புங்கள்.

யாருக்குத் தேவை?

இதில் நேர்மையாகப் பேசிவிடலாம். கட்டணம் லேபுக்கு லேப் மாறும் என்றாலும், கம்யூட்டர் பைக்கின் ஒரு ஆயில் சேஞ்ச் செலவைத் தாண்டிவிடவே வாய்ப்பு அதிகம். தினமும் 15 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வரும் 100 சிசி பைக்குக்கு, அந்தக் காசில் சரியான கிரேடு ஆயிலும் ஏர் ஃபில்டரும் வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

விலை உயர்ந்த பெரிய பைக் வைத்திருப்பவர்கள், மண்ரோட்டிலும் நீண்ட தூரமும் ஓட்டுபவர்கள், பழைய பைக்கைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள், ஒரே மாடலில் பத்துப் பதினைந்து வண்டிகள் வைத்துத் தொழில் செய்பவர்கள்... இவர்களுக்கு இது நிச்சயம் லாபம். ஒரே மாடல் வண்டிகளில் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இதை மட்டும் நம்ப வேண்டாம். விற்பவர் நேற்றுதான் ஆயில் மாற்றியிருந்தால், ரிப்போர்ட் பளிச்சென்றுதான் வரும். அதேபோல, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக வாரன்டி காலத்தில் ஆயில் சேஞ்சைத் தள்ளிப்போடாதீர்கள். மேனுவலில் உள்ள கிலோமீட்டர்தான் அங்கே செல்லும்.

டெஸ்ட் எடுக்கப் போவதில்லை என்றாலும், இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது வைக்கும் பெட்டியின் உள்பக்கம், இன்ஜினுக்குப் போகும் வழியில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீங்க!