காவல் நிறுவனமும் காப்பீடும்

இரவெல்லாம் விழித்திருந்து பிறர் உடைமையைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. ஆலை வாயிலில் சீருடையுடன் நிற்கும் காவலர் பெரும்பாலும் அந்த ஆலையின் ஊழியர் அல்லர். ஒப்பந்தத்தின்பேரில் ஒரு நிறுவனம் அனுப்பிவைத்தவர். காக்க வந்தவராலேயே கேடு விளைந்தால் அந்த நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? மாணவ நண்பர்களே, இந்த வினாவைத் தொடர்ந்து சென்றால் காப்பீடு, அதாவது இன்ஷூரன்ஸ், என்பதன் உட்பொருள் நன்கு விளங்கும்.

இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்து ஜில்லிங்ஹாமில் போட்டோ ப்ரொடக்ஷன் என்ற கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. அங்கே குறித்த வேளைகளில் வந்து சுற்றிப் பார்க்கும் பொறுப்பை செக்யூரிகார் என்னும் காவல் நிறுவனம் ஏற்றிருந்தது. கட்டணம் வாரத்திற்கு 8 பவுன் 15 ஷில்லிங். ஒருமுறை வந்து செல்வதற்குக் கால் பவுனுக்குச் சற்று மேல் என்று கணக்காகிறது. 1970 அக்டோபரில் ஓரிரவு, காவலுக்கு வந்த இளைஞர் அட்டைப் பெட்டிகளின்மீது தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். சிறு தீ கட்டுக்கடங்காது பரவி ஆலையையே சாம்பலாக்கிற்று. நஷ்டம் 6,15,000 பவுன்!

வழக்கு 1980இல் பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. ஊழியரின் தீச்செயலை உரிய கவனத்தால் முன்னறிந்து தடுத்திருக்கக் கூடுமானாலன்றி, அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அவ்விதி செல்லும் என்பதே தீர்ப்பு. அற்பக் கட்டணம் பெறும் காவல் நிறுவனத்திற்கு ஆலையின் மதிப்பு தெரியாது. அதனையும் தீத்தடுப்பு ஏற்பாடுகளையும் அறிந்தவர் ஆலைக்கு உரியவரே. ஆதலின் தீக்காப்பீட்டின் சுமையை அவரே ஏற்பது பொருத்தம் என்று நீதிபதிகள் கருதினர். முதற் பார்வைக்கு இது அநீதி போலத் தோன்றலாம். ஆயினும் வாரம் எட்டுப் பவுன் சொச்சத்திற்கு ஆறு லட்சம் பவுன் பொறுப்பை எவர் ஏற்பார் என்று எண்ணினால், தீர்ப்பு நியாயமென்றே எனக்குப் படுகிறது.

அங்ஙனமாயின், தக்கதொரு விதியை எழுதிக்கொண்ட காவல் நிறுவனத்திற்குக் காப்பீடே வேண்டாமோ? அன்று. ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அந்தத் தீயில் வழிப்போக்கர் ஒருவர் காயமுற்றிருப்பாரானால், அவரிடம் அவ்விதியைக் காட்ட இயலுமோ? கள்வனென்று எண்ணிக் காவலர் ஓர் அப்பாவியைத் தாக்கினாலும் நிலைமை இதுவே. இத்தகைய அயலாருக்கு நஷ்டஈடு செலுத்த உதவுவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. பலர் செலுத்தும் சிறு பிரீமியங்கள் ஒரு நிதியாகத் திரண்டு, எவரோ ஒருவருக்கு நேரும் பெரு நஷ்டத்தை ஏற்கின்றன. அந்த நிதி இல்லையேல் நிறுவனம் திவாலாகும். காயமுற்றவரும் வெறுங்கையுடன் நிற்பார்.

காவலரை மறந்துவிடலாகாது. திருடன் தாக்கும் முதல் ஆள் அவரே. ஊழியர் காயத்திற்கான பொறுப்பை முதலாளிகள் கட்டாயம் காப்பீடு செய்ய வேண்டுமென்று பிரிட்டனில் 1969இல் சட்டம் இயற்றப்பட்டது. அது 1972 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வேலையின்போது நேரும் விபத்திற்கு நஷ்டஈடு பெறும் உரிமையை 1923ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளர்க்கு வழங்கிற்று. சட்டம் உரிமையைத் தரும். முதலாளியின் பெட்டியில் பணம் இருப்பதற்குக் காப்பீடு வேண்டும்.

ஊழியரே பொருளைக் கையாடினால் முதலாளிக்கு நேரும் நஷ்டத்திற்கு நாணயப் பொறுப்புக் காப்பீடு என்று தனி வகை உண்டு. ஆலைச் சாவிக்கொத்து தொலைந்து பூட்டுகள் அனைத்தையும் மாற்ற நேர்ந்தால், அச்செலவிற்கும் பாலிசி எடுப்பதுண்டு.

காப்பீட்டுக் கம்பெனியார் கண்ணை மூடிக்கொண்டு பாலிசி தருவதில்லை. ஆட்களின் நன்னடத்தை விசாரிக்கப்பட்டதா, பயிற்சி அளிக்கப்பட்டதா என்று துருவித் துருவிக் கேட்பர். இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையொட்டிய மாதிரி விதிகளும் காவலருக்கு நன்னடத்தைச் சரிபார்ப்பையும், வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணிப் பயிற்சியையும் விதித்தன. முன்னாள் படைவீரர்க்கு இப்பயிற்சி நேரம் குறைவு. கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்து விண்ணப்பம் எழுதிய நிறுவனத்திற்கு, நஷ்டம் நேர்ந்த நாளில் பாலிசி பயன்படாமற் போகலாம்.